ரெண்டு தீர்மானத்துக்கும் கை தூக்கிய மச்சான்

என் அக்கா புருஷன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. இன்று நேற்று வந்ததில்லை. என் தலையில் முடி முழுசாக இருந்த காலத்தில் வந்தது. முடி போய்விட்டது, கோபம் போகவில்லை. இப்போது அந்த மனுஷனும் இல்லை. இதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

மற்றவர்களுக்கு மச்சான் மேல் கோபம் என்றால் சொத்து, மரியாதை என்று ஏதாவது இருக்கும். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவர் ஒரு கூட்டத்தில் கையைத் தூக்கினார். அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே பஸ் டிப்போவில் வேலை பார்த்தோம். அவர் கண்டக்டர், நான் பட்டறையில் வெல்டர். அப்போது டிப்போவில் ஒரே சங்கம், ஒரே செங்கொடி. மேலே கட்சியில் இரண்டு குழுவாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மெல்ல இறங்கி எங்கள் சங்க அறைக்கும் வந்து சேர்ந்தது. அன்று கூட்டத்தில் இரண்டு தீர்மானம். முதலில் சம்பள உயர்வு கேட்போம் என்றது எங்கள் பக்கம். முதலில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்வோம் என்றது அந்தப் பக்கம். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. மத்தியானச் சாப்பாடு டப்பாவிலேயே ஆறிப்போனது. கடைசியில் ஓட்டுக்கு விட்டார்கள்.

எங்கள் தீர்மானத்துக்குத் தூக்கினோம். பக்கத்தில் இருந்த மச்சானும் தூக்கினார். பஸ்ஸில் மணிக்கயிறு இழுத்து இழுத்து நீண்டுபோன கை, கூட்டத்தில் தனியாகத் தெரியும். அடுத்து அவர்கள் தீர்மானம். மச்சான் அதே கையை மறுபடி தூக்கினார்.

முழங்கையால் இடித்தேன். "மச்சான், நாம தூக்கியாச்சு. இது அவங்களுது."

"தெரியும்டா மாப்ளே."

"தெரிஞ்சுமா?"

"அவங்க சொல்றதும் சரியாத்தானே இருக்கு."

எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். அறையில் இருந்த தலைகளைவிடத் தூக்கிய கைகள் ஒன்று அதிகம். கள்ள ஓட்டு என்று அவர்கள் எங்களைச் சொல்ல, நாங்கள் அவர்களைச் சொல்ல, மறுபடி எண்ணினார்கள். மச்சான் மறுபடி இரண்டு தடவை தூக்கினார். யாருடா அது என்று கேட்டதும் அவரே எழுந்து நின்றார்.

"நான்தான் தோழர். சம்பளமும் வேணும், தூக்கமும் வேணும். இதுல எதை வேணாம்னு சொல்றது?"

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வந்தது. ஒரு நாற்காலி பறந்தது. அன்று சாயந்திரம் டிப்போவில் இரண்டு சங்கம், இரண்டு செங்கொடி. அவருக்கு ரெட்டைக்கை என்று பட்டப்பெயர். சம்பளமும் கூடவில்லை, நேரமும் குறையவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் ஒரு கை வித்தியாசத்தில் நாங்கள் ஜெயித்திருப்போம். இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டாவதுக்கு மட்டும் தூக்கியிருந்தா அவங்க ஜெயிச்சிருப்பாங்க," என்பார். "அதை நினைச்சுப் பாரு. உனக்கு நான் உபகாரம்தான் பண்ணியிருக்கேன்."

இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் பஸ்ஸில் போனவர்களுக்கு இது புதுசாக இருக்காது. ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் மச்சான் பை தொங்கத் தொங்க வந்து நிற்பார். "பாலம் வரைக்கும் நீங்க. பாலத்துக்கு அப்புறம் அவரு." பாலத்துக்கு அப்புறம் குப்பைமேடுதானே இருக்கு, அதைப் பார்க்கவா என்று அந்த இரண்டாவது ஆள் கேட்டால், "ஏறினதும் தூங்குற ஆள்தானே நீங்க, எதைப் பார்க்கப் போறீங்க?" என்பார். சொன்னதோடு விடமாட்டார். பாலம் வந்ததும் பின்னாலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து இருவரையும் இடம் மாற்றிவிட்டுத்தான் அடுத்த டிக்கெட் கிழிப்பார். பாதி சண்டைகள் அவர் வருவதைப் பார்த்ததுமே முடிந்துவிடும். அந்த எரிச்சலுக்கு நின்றுகொண்டே போகலாம் என்று தோன்றிவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். அக்கா சொல்லுவாள்: "கத்திரிக்காய் வாங்கவா வெண்டைக்காய் வாங்கவான்னு இந்த ஆளைக் கேட்டா, ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்பாரு. கேட்கிறதையே விட்டுட்டேன். ஏதோ பொண்ணு பார்க்க வந்தப்போ மட்டும் ஒரு கையோட நிறுத்திக்கிட்டாரே, அதுவரைக்கும் என் பாக்கியம்."

"அன்னைக்கு ஒரு வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க," என்பார் மச்சான். அக்கா கையில் இருப்பது பறந்து வரும். அநேகமாக ஈரத்துணி.

சங்கம் இரண்டானதும் அறைப் பிரச்சினை வந்தது. டிப்போ மூலையில் இருந்தது ஒரே அறை. யாரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பழைய பஸ் ஒன்றின் தகரத்தை அறுத்து நடுவில் தடுப்பாக நிறுத்தினேன். நானே அளந்தேன், நானே வெல்டு வைத்தேன், தரையிலும் சுவரிலும் போல்ட் போட்டு முறுக்கினேன். வேலை சுத்தம். வாசலுக்கு இரட்டைக் கதவு, ஆளுக்கு ஒன்று. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, பல்பு எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டது, சுவிட்ச் அவர்கள் பக்கம் போய்விட்டது. தகரம் கூரை வரைக்கும் எட்டாததால் வெளிச்சம் என்னவோ இரண்டு பக்கமும் விழும். ஆனால் விளக்கைப் போடுங்கள் என்று அவர்களிடம் எங்கள் சங்கம் கேட்பதா? பல்பு ஃபியூஸ் போனால் எங்களிடம் அவர்கள் கேட்பதா? அதற்கும் மச்சான்தான். வாசற்படியில் ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம் என்று உட்கார்ந்திருப்பார். "மச்சான், லைட்டு" என்றால் எழுந்து போய்ப் போடுவார். இரண்டு சங்கமும் அவரைத் தங்கள் ஆள் இல்லை என்றே சொல்லின. சந்தாவை மட்டும் இரண்டும் வாங்கிக்கொண்டன.

எங்கள் செயலாளர் டிரைவர், ஒட்டடைக்குச்சி உடம்பு, கொக்கு என்று கூப்பிடுவோம். அவர்கள் செயலாளர் ஸ்டோர் கிளார்க், தாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தோழர் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "தோழர், நீங்க முதலாளிக்கு விலைபோன ஆள்," என்பார் கொக்கு. "நன்றி தோழர், நீங்க விலைபோகக்கூட லாயக்கில்லாத ஆள்," என்பார் தாடி. மரியாதைக்கு ஒரு குறைவும் கிடையாது.

இப்படியே வருஷங்கள் ஓடின. மச்சான் ரிட்டையர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது டிப்போவுக்கு லாரியில் ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. பஸ் கழுவுகிற இயந்திரம். பஸ் உள்ளே போனால் பெரிய பெரிய பிரஷ்கள் சுற்றும், மறுபக்கம் பஸ் சுத்தமாக வெளியே வரும் என்றார்கள். மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்: பஸ் கழுவும் பெண்கள் அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம்.

அந்தப் பெண்களில் மூத்தவள் என் அக்கா. ஒப்பந்தக்காரருக்குக் கீழே வேலை. விடிவதற்குள் முழங்கால் வரை ஈரத்தோடு முதல் பஸ்ஸைக் கழுவி அனுப்புவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக இரண்டு சங்கமும் அருமையான தீர்மானங்கள் போட்டிருந்தன. சேர்த்துக்கொள்ள மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அன்று நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கிய வேகத்தில் கோபம் தெரிந்தது.

"அடுத்த வருஷம் உன் மச்சான் வீட்ல உட்காரப் போறாரு. என் சம்பளத்துலதான் அடுப்பு எரியணும். எனக்காவது இந்த ஆளு இருக்காரு. மத்தவங்க பாதிப்பேருக்கு வீட்ல ஆம்பளையே கிடையாது. உங்க ரெண்டு சங்கமும் என்ன கிழிக்கப் போகுது?"

"நாளைக்குக் கூட்டம் போட்டுருக்கோம்கா. ரெண்டு பேரும் சேர்ந்து."

"சேர்ந்தா? எந்தப் பக்கத்துல?"

அதுதான் பிரச்சினை. மறுநாள் கொக்கு அந்தப் பக்கம் போக மாட்டேன் என்றார். தாடி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்றார். கடைசியில் அவரவர் பக்கம் உட்கார்ந்து தகரம் வழியாகவே கூட்டம் நடத்துவது என்று ஒத்துக்கொண்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை. மச்சான் வாசற்படியில் நடுவர்.

"தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோழர்கிட்ட சொல்லுங்க," என்றார் கொக்கு, "நாளையிலிருந்து ஒரு பஸ்கூட வெளிய போகக் கூடாது."

மச்சான் அந்தப் பக்கம் திரும்பினார். "ஒரு பஸ்கூட போகக் கூடாதாம்."

"காது கேக்குது," என்றார் தாடி. "பஸ்ஸை நிறுத்தினா ஜனங்க நம்மைத்தான் திட்டுவாங்க. பஸ் ஓடட்டும், டிக்கெட் குடுக்காம ஓட்டுவோம். ஜனங்க நம்ம பக்கம் நிப்பாங்க. இதை அவர்கிட்ட சொல்லுங்க."

"டிக்கெட் இல்லாம ஓட்டணுமாம்."

"எனக்கும் காது கேக்குது. அதுக்குப் பேரு போராட்டமா, உல்லாசப் பயணமா?"

இப்படி எவ்வளவு நேரம் போனதோ. நோட்டீஸில் யார் சங்கத்தின் பெயர் முதலில் வர வேண்டும் என்று ஆரம்பித்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பஸ் கழுவும் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். கையில் வாளி, பிரஷ், கட்டைத் துடைப்பம். முன்னால் அக்கா.

"தள்ளுங்க," என்றாள் மச்சானிடம்.

"எந்தப் பக்கம் போகப் போறே?"

அக்கா இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலும் அவர்கள் கொள்ள மாட்டார்கள். பிறகு என்னைப் பார்த்தாள். "டேய், இந்தத் தகரத்தை நீதானே வெச்சே?"

"ஆமாக்கா."

"ஸ்பானர் எங்க?"

கொக்கைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பட்டறைக்குப் போய் ஸ்பானர் எடுத்துவந்தேன். போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் முறுக்கியதாயிற்றே. எண்ணெய் விட்டுத் தட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. தகரத்தைத் தூக்கி வெளியே சாய்த்ததும் கொக்கும் தாடியும் நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு நாளும் ஒருவருக்கு ஒருவர் ஒரு முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பெண்கள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஓட்டு சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான்," என்றார் தாடி மெதுவாக. கொக்கும் தலையாட்டினார். இன்னொரு ஒற்றுமை.

"வேலை போறது எங்களுக்கு, கை மட்டும் உங்களுதா?" என்றாள் அக்கா.

சரி, அவர்களும் தூக்கட்டும் என்று இரண்டு சங்கமும் ஒத்துக்கொண்டன. எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பஸ்ஸை நிறுத்துவதற்கு யார் யார்? எங்கள் ஆட்கள் தூக்கினார்கள். மச்சான் தூக்கினார். பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். கொக்குக்கு முகம் மலர்ந்தது. டிக்கெட் இல்லாமல் ஓட்டுவதற்கு யார் யார்? அந்தப் பக்கத்து ஆட்கள் தூக்கினார்கள். மச்சான் தூக்கினார். அவரைப் பார்த்து நான் பல்லைக் கடிக்கும்போதே பெண்கள் அத்தனை பேரும் மறுபடி தூக்கினார்கள்.

எண்ணுவதை நிறுத்தினேன். "என்னக்கா இது? நீங்களுமா?"

"அன்னைக்கே இந்த ஆளு சரியாத்தான் தூக்கியிருக்காரு, நீங்கதான் நாற்காலியைத் தூக்கிட்டீங்க," என்றாள் அக்கா. "காலையில நிறுத்துங்க. ஆபீஸ் போறவன், அதிகாரி எல்லாம் தவிச்சு நிர்வாகத்துக்குப் போன் போடட்டும். சாயந்திரம் ஓசியில ஓட்டுங்க. வேலை முடிஞ்சு அலுத்து வர்றவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போகட்டும். மறுநாள் மாத்திக்கோங்க. நாங்க ரெண்டு நேரமும் வாளியைத் தொட மாட்டோம்."

கொக்கு தாடியைப் பார்த்தார். தாடி தாடியைத் தடவினார். "மேல்கமிட்டியைக் கேக்கணும்," என்றார் கொக்கு.

"கேளுங்க தோழர்," என்றார் மச்சான். "கேட்டுட்டு வாங்க. நாங்க ஆரம்பிச்சுட்டு இருக்கோம்."

முதல் நாள் காலையில் ஒரு பஸ்ஸும் நகரவில்லை. நிர்வாகம் அலறியடித்து வெளியூரிலிருந்து டிரைவர்களை வேனில் அழைத்துவந்தது. அவர்கள் மத்தியானம் வந்து இறங்கும்போது எங்கள் ஆட்கள் ஹாரன் அடித்துக்கொண்டு எல்லா பஸ்ஸையும் வெளியே ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வந்தவர்களுக்கு ஓட்ட பஸ் இல்லை. கேட்டில் உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போக எங்கள் பஸ்ஸிலேயே ஏறினார்கள். டிக்கெட் இல்லாமல்தான்.

அன்று நானும் மச்சான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். வாழ்நாள் முழுக்க டிக்கெட் கிழித்த மனுஷன், கையை என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் தடவிக்கொண்டே நின்றார். பழக்கத்தில் "டிக்கெட், டிக்கெட்" என்று குரல் கொடுத்துவிட்டு அவரே சிரித்தார். ஒரு பெரியவர் காசை நீட்டி, வாங்கிக்கொண்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"ஐயா, ஜன்னலைப் பாருங்க," என்றார் மச்சான். கண்ணாடி முழுக்கச் சேறு. "வெளிய தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே."

"கழுவுற அம்மாக்களை வேலையைவிட்டு நிறுத்தப் போறாங்க. சுத்தமான பஸ்ஸுக்குக் காசு வாங்கினோம். இதுக்கு எந்த முகத்தோட வாங்குறது?"

அந்தப் பெரியவர் மறுநாள் டிப்போ வாசலில் எங்களுக்கு ஆதரவாக அட்டையோடு நின்றார். அவர் மட்டும் இல்லை.

மறுநாள் காலையில் ஓசி, சாயந்திரம் நிறுத்தம். அதற்கடுத்த நாள் வேறு மாதிரி. மேனேஜர் காலையில் கேட்டுக்கு வந்து என்னிடம் கேட்பார், "இன்னைக்கு ஓடுமா ஓடாதா? அதையாவது சொல்லித் தொலை."

"தெரியல சார். உள்ள கை தூக்கிட்டிருக்காங்க."

அந்த வாரம் முடிவதற்குள் நோட்டீஸைக் கிழித்தார்கள். ஒப்பந்தக்காரரை அனுப்பிவிட்டுப் பெண்களை நேரடியாக டிப்போவிலேயே எடுத்துக்கொண்டார்கள். அக்கா மறுநாள் விடிவதற்குள் முதல் பஸ்ஸில் தண்ணீர் ஊற்றினாள். இயந்திரம் இன்னும் மூலையில் இருக்கிறது. பூனை ஒன்று வருஷம் தவறாமல் அதற்குள் குட்டி போடுகிறது.

சங்கம் ஒன்றாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போராட்டம் முடிந்த கையோடு, வெற்றிக்கு யார் காரணம் என்று இரண்டு சங்கமும் தனித்தனியாகப் போஸ்டர் அடித்தன. தகரத்தை மறுபடி மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன். ஆனால் பெண்கள் இரண்டு சங்கத்திலும் பாதிப் பாதியாகச் சேர்ந்திருந்தார்கள். ஒரே வாளியில் தண்ணீர் எடுப்பவர்கள். அவர்கள் போக வர வழி வேண்டுமே என்று தகரத்தில் ஒரு கதவு வைத்தேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைப்பது என்று இரண்டு செயலாளர்களும் பேச ஆரம்பித்ததும், தாழ்ப்பாளே வைக்கவில்லை.

மச்சான் ரிட்டையர் ஆன பிறகும் தினமும் வந்து அந்தக் கதவருகே உட்கார்ந்தார். விளக்கைப் போட இனி அவர் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் போய்ப் போடலாம். இருந்தாலும் அவர்தான் போட்டார்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே சமயம் டிப்போவில் பொதுக்கூட்டம் வந்தது. மறுபடி இரண்டு தீர்மானம். இரண்டு சங்கத்தையும் ஒன்றாக்குவோம் என்றது எங்கள் பக்கம். சங்கம் இரண்டாகவே இருக்கட்டும், போராட்டக் கமிட்டி மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்றது அவர்கள் பக்கம். கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவரைப் பார்க்கப் போனேன். அவர் என்னிடம் கடைசியாக ஒன்று கேட்டது அன்றுதான்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் கையில் ஊசி குத்தி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு தீர்மானத்தையும் என்னைச் சொல்லச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு என்னை விடமாட்டாங்க மாப்ளே. என் ஓட்டை நீதான் போடணும்."

"நீங்கதான் ரிட்டையர் ஆயாச்சே மச்சான். ஓட்டு ஏது?"

"சந்தா வாங்குறாங்களே. ரெண்டு பேரும்."

"சரி. எதுக்குத் தூக்கணும்? சொல்லுங்க."

அவர் ஊசி குத்தின கையை மெதுவாக மேலே தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். மருந்துக் குழாய் ஆடியது.

"கையை ஆட்டாதீங்கன்னு நர்ஸ் எத்தனை தடவை சொல்றாங்க," என்றாள் அக்கா. "இங்க வந்தும் ரெட்டைக்கையா?"

"மச்சான், என் ஓட்டு எங்க தீர்மானத்துக்குத்தான். அதுல மாத்தம் இல்ல," என்றேன்.

"உன் ஓட்டு உன்னுது, நான் ஏன் கேக்குறேன்?" என்றார். ஒரு சுளை ஆரஞ்சை எனக்கு நீட்டினார். "உன்னுது ஒண்ணு, என்னுது ரெண்டு. மொத்தம் மூணு தடவை தூக்கணும். கை வலிக்குதுன்னு நடுவுல விட்டுடாதே."